எறும்பு மனு

நான் கத்தியது உங்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. இல்லை, மன்னிக்க வேண்டாம். கத்த வேண்டிய இடத்தில்தான் கத்தினேன். போனில் இருந்தது ஒரு டாக்டர். ஆமாம், டாக்டரிடம்தான் அப்படிப் பேசினேன். ஏன், டாக்டர் என்றால் கும்பிட்டுக்கொண்டேதான் பேச வேண்டுமா? பஸ்ஸில் முன் சீட்டில் வேட்டி கட்டியவர் மூன்று தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். பார்க்கட்டும். ஆலங்குளம் வருவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

மடியில் இருப்பது மனு. பதினோரு பக்கம். தென்காசியில் மருத்துவத் துறை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, கையோடு ரசீது வாங்கப் போகிறேன்.

என் தங்கை சுபிதா, பதினேழு வயது, பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி மனநல வார்டில் இருக்கிறாள். இன்றைக்கு ஒன்பதாவது நாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டு. பயப்படாதீர்கள், சாக நினைத்துச் செய்தது இல்லை. எறும்பை விரட்டச் செய்தது. எறும்பு என்று ஒன்று அங்கே கிடையாது. சரி, முதலிலிருந்தே சொல்கிறேன். இடையில் கேள்வி வந்தால் கேளுங்கள், எனக்குக் கேள்வி பிடிக்கும். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் எம்.ஏ., இரண்டாம் வருடம். விவாதப் போட்டிகளில் என்னை எதிர்த்து நின்று இதுவரை யாரும் கோப்பையைத் தொட்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, தகவலுக்குச் சொல்கிறேன்.

சுபிக்குச் சின்ன வயதிலிருந்தே எதிலும் மனம் நிற்காது. உப்பு வாங்கி வா என்று அனுப்பினால் செருப்பைக் கடையில் விட்டுவிட்டு, உப்பில்லாமல், ஒரு நாய்க்குட்டியோடு வருவாள். கணக்குப் பரீட்சையில் முதல் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும், மூன்றாம் பக்கத்தில் மயில் வரைந்திருப்பாள். பள்ளியில் வால் என்றார்கள், திமிர் என்றார்கள், ஒரு டீச்சர் சோம்பேறி என்று ரேங்க் கார்டிலேயே எழுதினார். நான்தான் கண்டுபிடித்தேன், இது கவனக்குறைபாடு என்று. பையனாக இருந்தால் ஓடுவான், உடைப்பான், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். பெண் பிள்ளைகள் உள்ளுக்குள்ளேயே ஓடுவார்கள், வெளியே யாருக்கும் தெரியாது. இது என் சொந்தக் கருத்து இல்லை, ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்வது.

அம்மாவோடு மூன்று மாதம் வாதாடினேன். அம்மாவுக்கு மின்வாரியத்தில் வேலை. அப்பா இறந்தபோது அவர் வேலை அவளுக்கு வந்தது. பகல் முழுக்க, மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று வருகிறவர்களிடம் கத்திவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் என்னிடம் கத்த மிச்சம் எதுவும் இருக்காது. அதனால்தான் நான் ஜெயித்தேன் என்று சுபி சொல்வாள். என் பக்கம் நியாயம் இருந்தது, அதுதான் காரணம். தென்காசியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். பள்ளியிலிருந்து படிவம் நிரப்பி வாங்கி வரச் சொன்னார், கேள்விகள் கேட்டார், நான் சொன்னதையே சொன்னார். கவனக்குறைபாடுதான். மாத்திரை எழுதினார்.

மாத்திரை வேலை செய்தது. இதையும் மனுவில் எழுதியிருக்கிறேன், நான் ஒருதலையாக எழுதுகிறவள் இல்லை. சுபி விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், டாக்டர் படிப்புக்கான பரீட்சைக்கும் அங்கேயே பயிற்சி. முதல் வாரமே போனில் சொன்னாள், "அக்கா, என் மண்டைக்குள்ள எப்பவும் சந்தை நடக்கும்லா, இப்ப சந்தைக்கு லீவு." எவ்வளவு அழகாகச் சொன்னாள் பாருங்கள். ஒரே மூச்சில் உயிரியல் புத்தகத்தில் நாலு பாடம் முடித்தாள். அதனால் மாத்திரையே விஷம் என்று பேசுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. எத்தனையோ பிள்ளைகளுக்கு அது மூக்குக் கண்ணாடி மாதிரி. என் குற்றச்சாட்டு வேறு.

முதல் குற்றச்சாட்டு, ஏழு நிமிடம். மாத்திரை எழுதிய அன்றைக்கு எங்களை உள்ளே வைத்திருந்தது ஏழு நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன். அந்த ஏழு நிமிடத்தில், பசி குறையும், தூக்கம் குறையும், வேறு ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் கூப்பிடுங்கள் என்றார். வித்தியாசம் என்றால் என்ன அக்கா? என் தங்கை பிறந்ததிலிருந்தே வித்தியாசமானவள். வித்தியாசத்துக்காகத்தானே அவரிடமே போனோம்? இந்த மாத்திரை போடுகிறவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் இருவருக்கு இல்லாதது கண்ணில் தெரியலாம், காரணமில்லாத சந்தேகம் வரலாம், தோலில் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கலாம் என்று வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கக் கூடாதா? பூச்சி என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். இதெல்லாம் இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹசீனா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மேற்படிப்பு படித்துக்கொண்டே வார்டு பார்க்கிறவர், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

இரண்டாவது, அளவு. செப்டம்பரில், சாயங்காலமானால் மறுபடி சந்தை தொடங்கிவிடுகிறது என்று சுபி சொன்னாள். நான் தென்காசிக்குப் போன் செய்தேன். நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். மாதிரித் தேர்வு நடக்கிறது, கூட்டி வர முடியாது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேசியபிறகு சரி என்று அளவைக் கூட்டினார். பிள்ளையைப் பார்க்காமலே கூட்டலாமா? நான் சொன்னேன்தான். யாராவது சொன்னால் கேட்டுவிடுவதா? டாக்டர் அவரா, நானா?

அதற்கப்புறம்தான் எறும்பு.

அந்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போன் கொடுப்பார்கள். ஒரு ஞாயிறு சுபி, கட்டிலில் எறும்பு இருக்கிறது, படுத்தால் கையில் ஏறுகிறது என்றாள். அடுத்த ஞாயிறு, நோட்டுக்குள்ளும் இருக்கிறது, எழுதும்போது வரிக்கு நடுவில் போகிறது, சொறிந்து சொறிந்து கை புண்ணாகிவிட்டது என்றாள். எனக்கு வந்ததே கோபம். வார்டன் ஜெபமணி டீச்சரைக் கூப்பிட்டேன். நானே மெத்தையை உதறிப் பார்த்துவிட்டேன், எறும்பே இல்லை என்றார். நீங்கள் பார்க்கவில்லை என்பதால் எறும்பு இல்லை என்று ஆகிவிடாது டீச்சர், கண்ணாடி மாற்றி எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே உட்கார்ந்து பள்ளித் தாளாளருக்கு ஒரு மனு எழுதினேன். மூன்று பக்கம், ஐந்து கோரிக்கை. விடுதியில் தங்கும் பிள்ளைகளின் உரிமைகள் என்று ஒரு பத்தி, அது நன்றாக வந்திருந்தது. பெற்றோர் வாட்ஸப் குழுவிலும் போட்டேன். சாயங்காலத்துக்குள் இருபத்திமூன்று பேர் தங்கள் பிள்ளைக்கும் கடி என்று எழுதிவிட்டார்கள். ஒரு அப்பா, எங்கள் மகனுக்குப் போன வருடமே கடித்தது என்றார். அது பெண்கள் விடுதி. தாளாளர் பணிந்தார். ஆள் வந்து அறை அறையாக மருந்து அடித்தான். சுபிக்குப் புதுக் கட்டில் வந்தது. கட்டில் கால் நாலுக்கும் கிண்ணம் வைத்தார்கள். வெறும் தண்ணீர் வற்றிவிடும், மண்ணெண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், தீரத் தீர ஊற்ற ஒரு பாட்டில் அறையிலேயே இருக்க வேண்டும் என்பது என் மூன்றாவது கோரிக்கை. எல்லார் வீட்டிலும் செய்வதுதானே.

அன்றைக்குத் தளவாயும் நானும் கேண்டீனில் பஜ்ஜி சாப்பிட்டுக் கொண்டாடினோம். தளவாய் எங்கள் துறையில் முனைவர் பட்டம் செய்கிறான். சும்மா நண்பன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன், தை மாதம் அவன் வீட்டிலிருந்து பேச வருகிறார்கள்.

அடுத்த ஞாயிறு போனை எடுத்தவுடனே, எறும்பு போச்சா என்று கேட்டேன்.

"போகலக்கா. மருந்து அடிச்சதுல அதுகளுக்குக் கோவம். இப்ப பேசுதுக."

"என்னட்டி பேசுதுக?"

"என் மார்க்கத்தான் பேசுதுக. ஒவ்வொரு பாடத்துக்கும் எவ்வளவுன்னு வரிசையா நின்னு சொல்லுதுக."

சிரித்தேன் அக்கா. வேறென்ன செய்வேன்? நாய்க்குட்டிக்குப் பேர் வைத்து அதற்கு ஆதார் அட்டை வரைந்தவள் அவள். எப்போதும் இப்படித்தான் பேசுவாள். தளவாயிடம் போய்ச் சொன்னேன், என் தங்கை கவிதை மாதிரி ஒன்று சொன்னாள் என்று.

அந்த வாரமே ஜெபமணி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். சண்டைக்குக் கூப்பிடவில்லை என்று தொடங்கினார். பிள்ளை தன் கையைப் பார்த்துத் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது, சோற்றை விரலால் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது, பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் அவள் மார்க்கைத் திருடுவதாகச் சொல்கிறது, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அம்மா என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க எறும்ப மறைக்க என் தங்கச்சியப் பைத்தியம் ஆக்காதீங்க" என்றேன். எந்த அக்காவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஆனால் பாருங்கள், அந்த அம்மாவுக்கு ஆறு நாள் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்ன செய்தார்? என்னிடம் ஒரு தடவை சொன்னதோடு விட்டுவிட்டார். இது மனுவில் ஆறாவது குற்றச்சாட்டு.

அடுத்த புதன்கிழமை காலையில் எல்லாரும் வகுப்புக்குப் போனபிறகு, சுபி அந்த மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்து இரண்டு கையிலும் ஊற்றி, துணி தேய்க்கிற பிரஷ்ஷை வைத்துத் தேய்த்திருக்கிறாள். தோல் வருகிறவரைக்கும். அதற்கப்புறமும். மறந்துவிட்ட நோட்டை எடுக்க வந்த ஒரு பிள்ளைதான் வாசனை அடித்துக் கதவைத் தட்டியது. உள்ளே இவள் அழவில்லையாம். கிட்டத்தட்ட முடிஞ்சிட்டு, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு என்றாளாம்.

தண்ணீர் இருக்கிறது அக்கா, என் பாட்டிலில் இருக்கிறது. வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். வேறு மாத்திரை கொடுத்தார்கள். நாலைந்து நாளில் கையில் ஏறுகிற எறும்பு நின்றுவிட்டது. இப்போது சுவரில் மட்டும் போகிறதாம். மாத்திரை செய்த வேலை என்றால் மெல்ல மெல்ல அதுவும் போய்விடும், நிறையப் பேருக்கு முழுதாகச் சரியாகிவிடும் என்கிறார் ஹசீனா. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நேற்று என்னையும் அம்மாவையும் உட்காரவைத்துக் கேட்டார், குடும்பத்தில், இரண்டு பக்கச் சொந்தத்திலும், யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கிறதா என்று. அம்மா, அப்படியெல்லாம் எங்கள் குடும்பத்தில் கிடையாது டாக்டர் என்றாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் கேட்டேன். இருந்தால், பழியை மாத்திரைமேல் மட்டும் போட்டுவிட்டு விட முடியாது, ரொம்ப நாள் கவனமாகப் பார்க்க வேண்டும், இப்போதைய மருந்தைச் சீக்கிரம் நிறுத்தக் கூடாது, அந்தச் சொந்தக்காரருக்கு எந்த மருந்து கேட்டதோ அது சுபிதாவுக்கும் உதவலாம் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். நான் அவருக்கு ஒரு கால்மணி நேரம் வகுப்பு எடுத்தேன். நோயை ரத்தத்தில் தேடுகிற வேலை எங்கே கொண்டுபோய் விடும், யார் யாரை அப்படி ஒதுக்கிவைத்தார்கள் என்று. கேட்டுக்கொண்டார். கடைசியில், யோசித்துச் சொல்லுங்கள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று நம்பர் கொடுத்தார்.

தென்காசி டாக்டரா? கேட்டாரா என்றா கேட்கிறீர்கள்? கேட்டார். கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லையே. எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், ஒரே ஒரு தடவை. சொந்தத்தில் யாருக்காவது மனசு சம்பந்தமாக வைத்தியம் உண்டா. ரேஷன் கடையில் பருப்பு வேண்டுமா என்று கேட்பார்களே, அப்படி. அம்மா மேசைக்கு அடியில் முழங்காலால் என் முழங்காலை இடித்தாள். இடிக்காவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். மனநோய் என்பது சமூகம் ஒரு வீட்டின்மேல் ஒட்டுகிற சீட்டு டாக்டர், நீங்கள் எங்கள் பரம்பரையைப் பார்க்காதீர்கள், எதிரில் இருக்கிற பிள்ளையைப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். நல்லாப் பேசுதீங்களே, வக்கீலுக்குப் படிக்கீங்களா என்றார். யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டார். ஒரு சின்னப் பெண் பேசினால் மடங்கிவிடுகிறவர் எதற்கு டாக்டராக இருக்க வேண்டும்?

யாரும் இல்லைதான். அம்மா பக்கம் ஒரு மாமா இருக்கிறார். சங்கரபாண்டி மாமா. துபாயில்.

என்ன வேலையா? கம்பெனி வேலை. ஏதோ கம்பெனி.

நீங்கள் ரொம்பக் கேள்வி கேட்கிறீர்கள் அக்கா. நான்தான் கேட்கச் சொன்னேன், சரி. துபாயில் இல்லை. பாவூர்சத்திரம் தாண்டி ஒரு இல்லத்தில் இருக்கிறார். பதினாறு வருடமாக. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறாராம், மாத்திரை போட்டால் நன்றாகத்தான் இருக்கிறாராம்.

உங்களுக்கு நம் பக்கத்து வழக்கம் தெரியும். தாய்மாமன் மடியில் உட்காராமல் ஒரு காதுகுத்து உண்டா? சடங்கு வீட்டில் முதல் மாலை அவர்தானே போட வேண்டும்? மாமா எங்கே, மாமா எங்கே என்று ஊர் முழுக்கக் கேட்கும். அதனால் அம்மாவே சங்கரன்கோவிலில் பட்டுப்பாவாடை எடுத்து, கோடாலித் தைலமும் வெளிநாட்டுச் சோப்பும் நாலு வாங்கி, ஒரு புதுப் பெட்டியில் அடுக்கி, தம்பி துபாயிலிருந்து அனுப்பிவிட்டான், லீவு கிடைக்கவில்லை என்று சபையில் வைப்பாள். எனக்கு அப்படித்தான் நடந்தது. சுபிக்கும் அப்படித்தான். சுபியின் சடங்கில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது நான். மேலே விமானச் சீட்டு மாதிரி ஒன்று ஒட்டினால் நன்றாக இருக்கும் என்று யோசனை சொன்னதும் நான். எனக்கு அதற்கு முந்தின வருடமே தெரியும். அப்பா ஒரு தடவை என்னை அந்த இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோமு, எம்புட்டு வளந்துட்ட என்றார் மாமா. கோமதி என்ற என் பேரை அப்படித்தான் கூப்பிடுவார். சாதாரணமாகத்தான் இருந்தார்.

அதைத்தான் நான் சொல்கிறேன். அது நோயே இல்லை. கல்லூரியில் ஒரு பெண்ணை விரும்பினார், அந்த வீட்டு ஆட்கள் கட்டிவைத்து அடித்தார்கள், அதில் உடைந்துபோனார். அது நோயா, குற்றமா? அதைப் பரம்பரை என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட்டால் அடித்தவன் தப்பித்துக்கொள்வான். இது வெறும் சாக்கு இல்லை அக்கா, இதில்தான் என் ஆய்வுக் கட்டுரையே எழுதுகிறேன். மாமா பேர் போடாமல்.

தளவாய்க்கா? தளவாய்க்கு துபாய் என்றுதான் தெரியும். அவன் அம்மாதான் முதலில் கேட்டாராம், தாய்மாமா யாரு, என்ன செய்கிறார் என்று. அந்த அவசரத்தில் சொன்னது. அவனிடம் உண்மையைச் சொன்னால் அவனுக்குப் புரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமே இல்லாத ஒன்றை எதற்குச் சோதித்துப் பார்க்க வேண்டும்? தை கழியட்டும். அம்மா ஊருக்குப் பயந்து மறைக்கிறாள், அது கோழைத்தனம். நான் செய்வது நேரம் பார்ப்பது. இரண்டும் ஒன்றில்லை.

இப்போது போனில் அந்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? உங்கள்மேல் மனு கொடுக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்வதுதான் மரியாதை என்று நான்தான் கூப்பிட்டேன். முதலில் சுபி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். கையைப் பற்றிக் கேட்டார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். நேரில் பார்க்காமல் அளவைக் கூட்டியது என் தப்பு, எங்கே கேட்டாலும் ஒத்துக்கொள்கிறேன் என்றார். அப்புறம்தான், "ஃபைல் முன்னாடிதான் இருக்கும்மா, குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு நீங்க சொன்னத எழுதியிருக்கேன். அது சரிதானே?" என்றார். சரிதானே என்கிறார் அக்கா. அப்போதுதான் கத்தினேன். அந்தப் பெரியவர் திரும்பியது அப்போதுதான்.

காலையில் கிளம்பும்போது சுபி விழித்திருந்தாள். கட்டுப் போட்ட கையை வயிற்றில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா காப்பி வாங்கப் போயிருந்தாள். நான் மனுவில் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, மாமா துபாய்ல இல்லல்ல?"

நான் நிமிரவில்லை. "யாருட்டி சொன்னா?"

"யாரும் சொல்லல. அந்தச் சோப்பு கவர்ல நம்ம ஊர்க் கடை சீட்டு ஒட்டியிருந்துச்சு." அப்புறம் கேட்டாள், "மாமாவுக்கும் எறும்பு வந்துச்சா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் அக்கா? நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னது, "துபாய்ல ஏதுட்டி எறும்பு, அது பாலைவனம்லா." வாயில் தயாராக வந்தது. எப்போதும் வந்துவிடும் எனக்கு, யோசிக்கவே வேண்டாம். சுபி சிரிக்கவில்லை. ஓ என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நாலு வயதிலிருந்து என்னோடு வாதாடுகிறவள். தோற்றால் தலையணையை எடுத்து எறிவாள், கடிப்பாள். ஓ என்று சொன்னதே இல்லை.

அப்படியே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா காப்பியோடு எதிரில் வந்தாள், அவளைத் தாண்டிப் படி இறங்கினேன்.

கொஞ்சம் இருங்கள். ஹசீனா டாக்டர்தான் கூப்பிடுகிறார். எடுத்துவிடுகிறேன்.

சொல்லுங்க மேடம், கோமதிதான்... பஸ்ல இருக்கேன், ஆலங்குளம் தாண்டிட்டு... சுபி சாப்பிடலையா? காப்பியுமா?... யார்ட்டயும் பேசலையா?

மேடம், அம்மா பக்கத்துல நிக்காங்களா? கொஞ்சம் வெளிய வாங்களேன். ஒண்ணு சொல்லணும்.

அம்மா நேத்து சொன்னது தப்பு. ஒருத்தர் இருக்காரு. எங்க அம்மாவோட கூடப் பிறந்த தம்பி. சங்கரபாண்டி... நாப்பத்திரெண்டு இருக்கும்... இருபது வயசுல... காதுல ஆள் பேசுற மாதிரி. ஆமா. சாப்பாட்டுல என்னமோ கலந்திருக்காங்கன்னு சாப்பிட மாட்டாராம்... இல்ல மேடம், அடிபட்டதுக்கு அப்புறம் இல்ல. அதுக்கு முந்தியே. அப்பா சொல்லியிருக்காங்க.

மாத்திரை இப்பவும் போடுதாரு. பேரு எனக்குத் தெரியாது. நான் பாவூர்சத்திரத்துல இறங்கி, அவரு இருக்குற இல்லத்துக்குப் போய் மருந்துச் சீட்டப் படம் எடுத்து அனுப்புதேன்... மத்தியானத்துக்குள்ள. இல்ல, தென்காசிக்குப் போகல... சுபிட்ட நானே வந்து சொல்லுதேன், நீங்க சொல்ல வேண்டாம். என்கிட்டத்தான கேட்டா.

யாரு, தென்காசி டாக்டரா?

கேட்டாரு மேடம். ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டாவது தடவ பேனாவ மூடி வச்சுட்டு, என் மூஞ்சியப் பாத்துக் கேட்டாரு.